அன்ரி வீட்டுப் பயர்வோல்

சாவகச்சேரியில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் கேற்றை யார் தட்டினாலும் முதலில் ஜன்னல் சீலை அசையும். பிறகு உள்ளேயிருந்து, "ஆர்?" என்று ஒரு குரல் கேட்கும். பெயரைச் சொன்னால் போதாது. எங்கிருந்து வருகிறோம், என்ன அலுவல், கூட யாராவது நிற்கிறார்களா என்பதற்கெல்லாம் பதில் சொல்லவேண்டும். அதற்குப் பிறகுதான் கதவின் திறாங்குகள் ஒவ்வொன்றாக இழுபடும் சத்தம் வரும். மேலே ஒன்று, நடுவில் ஒன்று, நிலத்தோடு ஒன்று. அந்த வீட்டில் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தேன். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்து கேற்றடியில் நின்று என் பெயரைச் சொன்னேன். ஒருநாளாவது அவர் கேட்காமல் திறந்ததில்லை.

"ஜன்னலாலை என்னைப் பாத்தனீங்கள்தானே அன்ரி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பாத்தனான்," என்றார். "உமக்குப் பின்னாலை ஆரும் ஒளிச்சு நிண்டா எனக்கு எப்பிடித் தெரியும்?"

வீட்டுக்கார அன்ரிக்கு அப்போது ஐம்பத்தைந்து வயதிருக்கும். உயரமான, மெலிந்த உடம்பு. தபால் கந்தோரில் நெடுங்காலம் வேலை செய்து, ஓய்வுக் காலம் வருமுன்பே விலகுவதாக எழுதிக்கொடுத்துவிட்டு வந்தவர். கலியாணம் செய்யவில்லை. எனக்கு ஊர் வவுனியாப் பக்கம். யாழ்ப்பாணம் ரவுணில், கடைகளுக்குக் கணினி பொருத்திக் கொடுக்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. தனியாக இருந்த பெண்பிள்ளை என்றபடியால்தான் அவர் எனக்குப் பின்னறையைத் தந்தார். அதற்கும் என் அம்மாவோடு ரெலிபோனில் கதைத்து, பிறகு அம்மாவை நேரில் வரச்சொல்லிப் பார்த்து, அதன் பிறகுதான்.

பயந்த மனிசி என்று ஒரு சொல்லில் சொல்லிவிடலாம். ஆனால் அவர் நடுங்கியதையோ அழுததையோ வெகுநாள்வரை நான் கண்டதில்லை. முற்றம் கூட்டுவது, விளக்குத் துடைப்பது போலப் பயத்தையும் ஒரு வீட்டு வேலையாக ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தார். குசினியில் அடுப்புக்கு மேலே முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று மாட்டியிருந்தது. சமைத்துக்கொண்டு நிற்கும்போது முதுகுப் பக்கத்தில் முன்கதவு தெரியவேண்டும் என்பதற்காக. மீன்காரர் கேற்றுக்கு வெளியே நின்றபடியே பையை நீட்டவேண்டும். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்கமாட்டார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு அந்த எண் இனி வராதபடி தடுத்துவிடுவார். எப்படித் தடுப்பது என்று காட்டிக்கொடுத்தது நான்தான்.

"முக்கியமான அலுவலா இருந்தா என்ன செய்வியள்?"

"நான் கந்தோரிலை இருந்து எத்தினை பேருக்குத் தந்தி குடுத்திருப்பன் பிள்ளை. எதிர்பாராத இடத்திலை இருந்து வாறது ஒண்டும் நல்ல சேதியாயிருக்கிறேல்லை. ஆக்கள் தந்தியை உடைக்க முதல் என்ரை முகத்தைத்தான் பாப்பினம். முகத்தை எங்கை வைக்கிறதெண்டு தெரியாது எனக்கு."

இரவுச் சாப்பாட்டைத் தட்டில் போட்டு மூடிக்கொண்டு என் அறைக்கு வருவார். தட்டுவதற்கு முன்பே, "நான்தான் பிள்ளை, பயப்பிடாதையும்," என்று சொல்லுவார். ஆரம்பத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. சில மாதங்கள் போக, அவர் சொல்லாமல் தட்டியிருந்தால் நான் பயந்துதான் போயிருப்பேன் என்று தோன்றத் தொடங்கியது. படுக்கப்போகுமுன் என் ஜன்னல் கொளுக்கியை இரண்டாம் தரம் இழுத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு அந்த வீட்டில்தான் வந்தது. இன்றைக்கும் விடவில்லை.

அன்ரிக்கு உலகத்தில் இருந்த ஒரே சொந்தம் ரொறன்ரோவில் இருந்த தம்பி. அவரும் தனி ஆள். ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் வாடகைக்கு இருந்தார். தொழிற்சாலையில் பாரம் தூக்கி முதுகு விட்டுப்போய், வேலைக்குப் போக முடியாமல் அந்த அறையிலேயே கிடந்தார். முதலில் ஞாயிற்றுக்கிழமைகளில் கதைப்பார். பிறகு அழைத்தால் "ம்" என்று மட்டும் சொல்லுவார். பிறகு எடுப்பதையே விட்டுவிட்டார். ஒவ்வொரு நாள் காலையும் அன்ரி அவருக்கு "சாப்பிட்டியோ" என்று ஒரு செய்தி அனுப்புவார். அவர் அதைப் படித்துவிட்டார் என்ற அடையாளம் வரும். அந்த அடையாளம் வரும்வரை அன்ரி ரீ குடிக்கமாட்டார்.

ஒரு காலை அவர் ரெலிபோனைத் தூக்கிக்கொண்டு என் அறை வாசலுக்கு வந்தார். "நான்தான் பிள்ளை" என்று சொல்ல மறந்துபோயிருந்தார்.

"இதை ஒருக்கா வாசியும். எனக்கு விளங்கினது சரியோ எண்டு பாப்பம்."

தம்பி எழுதியிருந்தார்: அக்கோய், கதைக்க என்னட்டை ஒண்டுமில்லை. விளையாட வாறியோ?

அது சதுரக் கட்டைகளால் ஆன ஒரு உலகம். அதற்குள் பலபேர் ஒரே நேரத்தில் வரலாம். மரம் வெட்டலாம், மண் தோண்டலாம், வீடு கட்டலாம். இருட்டினால் பேய்கள் வரும். தம்பி அதில்தான் தன் நாட்களைக் கழித்துக்கொண்டிருந்தார். அவர் சேர்ந்து விளையாடிய ஆட்கள் ஒவ்வொருவராக விட்டுப்போக, அந்த இடமும் மூடப்பட்டுவிட்டது. புதிதாக ஒரு உலகத்தை யாராவது தங்கள் கணினியில் ஓடவிடவேண்டும். தம்பியின் அறைக்கு வரும் இணையம் வீட்டுக்காரருடையது, அதில் அவர் கைவைக்க முடியாது. எங்கள் வீட்டிலோ என் வேலைக்காக எடுத்த நல்ல இணைப்பு இருந்தது. பழைய கணினி ஒன்றும் சும்மா கிடந்தது. அதில் உலகம் ஓடட்டும், தம்பி அங்கிருந்து அதற்குள் வரட்டும் என்று நான் சொன்னேன்.

"இஞ்சையோ?" என்றார் அன்ரி. "எங்கடை வீட்டுக்குள்ளையோ?"

முதல்நாள் தம்பியால் உள்ளே வர முடியவில்லை. எங்கள் பயர்வோல் விடவில்லை. வெளியேயிருந்து வரும் எதையும் மறித்து நிறுத்துவதுதான் அதன் வேலை என்று அன்ரிக்கு விளக்கினேன். தமிழில் தீச்சுவர் என்று எழுதுவார்கள் என்றேன். அந்தச் சொல் அவருக்குப் பிடித்துவிட்டது. "நல்ல சாமான்," என்றார். பிறகு திரையைப் பார்த்து, "அப்ப இவனையும் விடாதோ?" என்று கேட்டார். இந்தமுறை குரல் இறங்கியிருந்தது.

"நாங்கள் சொன்னா விடும். ஒரு வாசலைத் திறந்து, அதாலை ஆர் வரலாம் எண்டு சொல்லவேணும்."

விதியை எழுதத் தொடங்கியபோது என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பொறும். உந்த வாசலாலை வேறை ஆரும் வரேலாதோ?"

"உங்கடை தம்பியின்ரை வீட்டு இணைய எண்ணிலை இருந்து வந்தா மட்டும்தான் விடும் அன்ரி. மற்ற எல்லாரையும் மறிக்கும்."

"அந்த எண்ணை ஆரும் களவெடுத்தா?"

"அது லேசில்லை."

"லேசில்லையோ, ஏலாதோ?"

அவர் என் கையை விடவுமில்லை, இறுக்கவுமில்லை. வெளியே ஏ-ஒன்பது வீதியில் பஸ் ஒன்று கோர்ன் அடித்துக்கொண்டு போனது.

"சரி," என்றார் கடைசியில். "நான் பக்கத்திலை இருக்கேக்கை திறவும். விளையாடி முடியப் பூட்டிப்போடும்."

ரவுட்டரில் ஒரு இடத்திலும் கணினியில் ஒரு இடத்திலும் வழிவிட்டேன். திரையில் ஒரு சின்ன உருவம் முளைத்தது. அது எங்கள் முன்னால் வந்து நின்று தலையை மேலும் கீழும் ஆட்டியது. கீழே எழுத்து ஓடியது. தமிழ்தான், ஆங்கில எழுத்தில்: அக்கோய், வந்திட்டன்.

அன்ரி திரையைத் தொடப் போனவர், கையை இழுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் இப்படித்தான் விடிந்தது. அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம், இங்கே வெயில் ஏறும் நேரம். நான் குளித்து வெளிக்கிட, அன்ரி முன்னறையில் கண்ணாடி போட்டுக்கொண்டு கணினிக்கு முன்னால் இருப்பார். கந்தோரில் தட்டச்சுச் செய்த விரல்கள் என்றபடியால் எழுத்து வேகமாக ஓடும். மவுஸ்தான் கொஞ்சம் கரைச்சல் தந்தது. தம்பிக்கு நிலத்தைத் தோண்டி உள்ளே போக ஆசை. அன்ரி மதில் கட்டுவார். வீட்டைச் சுற்றி ஒரு மதில், அதைச் சுற்றி இன்னொரு மதில். "அக்கோய், நாங்கள் எதாலை வெளியாலை போறது?" என்று தம்பி எழுதினால் அன்ரி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். அவர் சிரித்து நான் பார்த்தது அங்கேதான். தம்பியும் தான் சாப்பிட்டதை எழுதத் தொடங்கினார். முதுகு நோவதை எழுதினார். வெளியே பனி கொட்டுவதை எழுதினார்.

ஆனால் ஒரு காலை, பயர்வோல் எதையெல்லாம் மறிக்கிறது என்று அன்ரி கேட்க, அது எழுதிவைக்கும் வரிகளைத் திறந்து காட்டினேன். திரை நிறைய எண்கள். தெரியாத நாடுகளிலிருந்து வந்து எங்கள் வாசலைத் தட்டி, உள்ளே விடப்படாமல் போனவை.

"இவ்வளவு பேருமோ?" அன்ரி திரைக்குக் கிட்டக் குனிந்தார். "நாங்கள் ரீ குடிச்சுக்கொண்டிருக்கேக்கையோ?"

"உது ஆக்கள் இல்லை அன்ரி. மெசின். உலகத்திலை இருக்கிற எல்லா வீட்டையும் ஒவ்வொண்டாத் தட்டிக்கொண்டு போகும். எங்களைத் தேடி வாறேல்லை."

"எல்லா வீட்டையும் தட்டுறவைதான் பிள்ளை, கடைசியிலை ஏதோ ஒரு வீட்டுக்குள்ளை போவினம்."

வேலைக்குப் போகும் பஸ்ஸில் அந்தப் பதில் என்னோடு கூட வந்தது. அன்றைக்குக் கந்தோரில் இருந்துகொண்டு எங்கள் ரவுட்டரின் கடவுச்சொல்லை மாற்றினேன். வீட்டுக்கு வந்து மறுபடியும் மாற்றினேன். அன்ரி அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் முற்றம் கூட்டிய கையோடு அந்த வரிகளை வந்து பார்ப்பார். எவர் எவர் வந்து தட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று பார்த்து, எண்களைத் தனக்குள் முணுமுணுப்பார்.

மாரி தொடங்கிய நேரத்தில் ஒருநாள் தம்பி வரவில்லை. அன்ரி அனுப்பிய செய்தியைப் படித்த அடையாளமும் வரவில்லை. அன்ரி ரீ குடிக்கவில்லை. அடுத்தநாளும் அப்படியே. "நித்திரையாக்கும்," என்று நான் சொன்னேன். அன்ரி அந்த உலகத்தின் மதிலுக்குள் தனியாக நின்றுகொண்டிருந்தார்.

நான் என் அறையில் சீப்பால் தலை இழுத்துக்கொண்டு நின்றேன். முன்னறையிலிருந்து அவர் குரல் வந்தது. சத்தமாகக் கூப்பிடவில்லை. மூச்சோடு கூப்பிட்டார்.

"பிள்ளை. இஞ்சை வாரும். சத்தம் போடாமல் வாரும்."

திரையில் மதிலுக்கு வெளியே ஒரு உருவம் நின்றது. தம்பியின் உருவமில்லை. உடுப்பு வேறு, தலைக்கு மேலே இருந்த பெயரும் எங்களுக்குத் தெரியாத பெயர். அது அசையவில்லை. அன்ரி கட்டிய மதிலின் வாசலுக்கு நேரே, உள்ளே பார்த்தபடி நின்றது.

"எப்பிடி வந்தவன்?" என்றார் அன்ரி. "நீர் மறிச்சனீர்தானே?"

"மறிச்சனான்." என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

வெகுநேரம் அது அப்படியே நின்றது. பிறகு கீழே எழுத்து வந்தது: அக்கா.

"தம்பி வேறை பேரிலை வந்திட்டாரோ?"

"இல்லை. அவன் என்னை ஒருநாளும் அக்கா எண்டு எழுதிறேல்லை. அக்கோய் எண்டுதான் எழுதுவான்."

மறுபடியும் எழுத்து வந்தது. ஒவ்வொரு எழுத்தாக யாரோ தேடித் தேடிக் குத்தியதுபோலத் தாமதித்து வந்தது.

அக்கா, வீட்டிலை ஆர் நிக்கினம்?

அன்ரி கதிரையிலிருந்து எழும்பிய வேகத்தில் கதிரை விழுந்தது. ரவுட்டரின் வயரைப் பிடுங்கினார். கணினியின் வயரைப் பிடுங்கினார். ஓடிப்போய் மின்சாரப் பெட்டியில் பெரிய சுவிச்சை இழுத்தார். மின்விசிறி சுற்றிச் சுற்றி நின்றது. பட்டப்பகலில் எல்லா ஜன்னலையும் சாத்தினார். மூன்று திறாங்கையும் போட்டார். குசினிக்குள் என்னை இழுத்துக்கொண்டு போய் நிலத்தில் இருத்தி, தானும் இருந்து, கண்ணாடியில் முன்கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை என் தோளில் நடுங்கிக்கொண்டிருந்தது. நானும் பயந்தேன். படித்ததெல்லாம் மறந்துபோய், அந்த உருவம் கேற்றடியில் நிற்கிறது என்றே நம்பினேன். யாரும் தட்டவில்லை. தட்டவில்லையே என்பதும் பயமாக இருந்தது.

எவ்வளவு நேரம் போனது என்று தெரியவில்லை. அவராகவே கதைக்கத் தொடங்கினார், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அப்ப நான் இளம்பிள்ளை. அம்மாவும் அப்பாவும் சந்தைக்குப் போட்டினம். கேற்றிலை வந்து நிண்டு மரியாதையாத்தான் கேட்டவை. 'தங்கச்சி, வீட்டிலை ஆர் நிக்கினம்?' எண்டு. நான், 'தம்பியும் நானும்' எண்டு சொன்னனான். நான் சொல்லாட்டி அவைக்கு அப்பிடி ஒருத்தன் இருக்கிறதே தெரியாது பிள்ளை. உதிலை, நீர் இருக்கிற இடத்திலை, அப்பம் திண்டுகொண்டிருந்தவன். கை கழுவக்கூட விடாமல் பிடிச்சுக்கொண்டு போட்டினம்."

"ஆர் வந்தது?"

"ஆராயிருந்தா என்ன. சில மாசத்தாலை விட்டவை. அதுக்குப் பிறகுதான் அவன் கதையைக் குறைச்சது."

அவர் கண்ணைத் துடைக்கவில்லை. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு கேட்டார்:

"இப்ப வந்தவன் எங்காலை வந்தவன் எண்டு பாக்கேலுமோ?"

பெரிய சுவிச்சைத் திரும்பப் போட்டு, ரவுட்டரின் வயரைக் குத்தாமல் கணினியை மட்டும் போட்டேன். அந்த உருவம் எந்த எண்ணிலிருந்து வந்தது என்று விளையாட்டு எழுதிவைத்திருந்தது. பார்த்தேன். நம்பாமல் மறுபடியும் பார்த்தேன். என் முதுகுக்குப் பின்னால் அன்ரி நின்றார்.

"சொல்லும்."

"உங்கடை தம்பியின்ரை வீட்டிலை இருந்துதான் அன்ரி வந்திருக்கு. அதுதான் பயர்வோல் விட்டது."

அவர் குனிந்து அந்த எண்ணைத் தானும் வாசித்தார். பிறகு, "அப்ப அவன்ரை வீட்டுக்குள்ளை ஆரோ நிக்கிறான்," என்றார்.

தம்பியின் ரெலிபோனுக்கு எடுத்துப் பார்த்தோம். அடித்து அடித்து ஓய்ந்தது. அப்போதுதான் அன்ரி தன் ரெலிபோனை என்னிடம் நீட்டினார். முந்தாநாள் இரவு கனடா எண் ஒன்றிலிருந்து அழைப்பு வந்திருந்தது. மறுபடியும் வந்திருந்தது. இரண்டாவதுக்குப் பிறகு அவர் அந்த எண்ணைத் தடுத்துவிட்டிருந்தார்.

"நான் எடுத்துக் கதைக்கிறன் அன்ரி. நீங்கள் அங்காலை இருங்கோ."

அவர் ரெலிபோனை என் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார்.

"வேண்டாம். குரல் கேக்க என்னாலை ஏலாது. குரல் வந்தாலே என்ன சேதி எண்டு தெரிஞ்சுபோம்." வாயைத் திறந்து மூச்சை இழுத்தார். "எழுத்திலை வரட்டும். வயரைக் குத்தும்."

"அவன் திரும்ப வந்தா?"

"வரட்டும்."

ரவுட்டரின் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகும்வரை இருவரும் நின்று பார்த்தோம். அன்ரி கதிரையை நிமிர்த்தி வைத்து இருந்தார். உலகம் திறந்தது. மதிலுக்கு வெளியே யாருமில்லை. அவர் தன் உருவத்தை நடத்திக்கொண்டு போய் உள் மதிலின் கதவைத் திறந்தார். வெளி மதிலின் கதவையும் திறந்துவிட்டு அதன் நடுவில் நின்றார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவரைத் தேற்றப் பிடித்தேனா, எனக்குப் பிடிக்க ஏதும் வேண்டுமென்று பிடித்தேனா தெரியாது.

அந்த உருவம் வந்தது.

ஆர் நீர்? என்று அன்ரி எழுதினார்.

பதில் தாமதித்து வந்தது. அண்ணைக்குப் பக்கத்து அறையிலை இருக்கிறன் அக்கா. முள்ளியவளை எனக்கு ஊர். போன் எடுத்துப் பாத்தன், நீங்கள் எடுக்கேல்லை. முதல் சொல்லுங்கோ, பக்கத்திலை ஆரும் நிக்கினமோ? தனிய இருக்கிறியளோ?

அன்ரியின் விரல்கள் விசைகளின் மேல் நின்றன. கெட்ட சேதி சொல்லுமுன் கேட்கும் கேள்வி அது என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

ஒரு பிள்ளை என்னோடை நிக்குது. சொல்லும், என்று எழுதினார்.

அண்ணை உயிரோடை இருக்கிறார் அக்கா. ஆஸ்பத்திரியிலை.

அதற்குப் பிறகு துண்டு துண்டாக வந்தது. தம்பி குளியலறையில் விழுந்து கிடந்திருக்கிறார். இந்தப் பெடியன் வேலையால் வந்து, தண்ணீர் ஓடும் சத்தம் நிற்காததைக் கேட்டு, தட்டி, கதவை உடைத்திருக்கிறான். பாரிசவாதம். இடது பக்கம் விழுந்துவிட்டது, கதை வரவில்லை. முந்தாநாள் ஆஸ்பத்திரியில் ஒரு பேப்பரில் வலது கையால் அக்காவின் எண்ணை எழுதிக் காட்டினாராம். அக்கா எடுக்கவில்லை என்றதும், "கேம்" என்று எழுதினாராம். அந்தப் பெடியனுக்கு விளையாடத் தெரியாது. தம்பியின் கணினியைப் போட்டு, விளையாட்டின் கடவுச்சொல் தெரியாமல், தன் பெயரில் ஒரு கணக்கை வாங்கி, எப்படி நடப்பது எங்கே எழுதுவது என்று தேடிக்கொண்டு நின்றதைத்தான் நாங்கள் பேய் நிற்பதாகப் பார்த்திருக்கிறோம்.

அக்கா, ஒரு அவசரம், என்று எழுதினான். நாளைக்கு விடிய அவருக்குக் காந்தத்தாலை எடுக்கிற எம்.ஆர்.ஐ. படம் ஒண்டு எடுக்கப்போகினமாம். உடம்பிலை எங்கையாவது இரும்பு கிடக்கோ எண்டு கேக்கினம். அண்ணை இப்ப மயக்கமாத்தான் கிடக்கிறார், கேக்கேலாது. இஞ்சை ஒருத்தருக்கும் தெரியாது.

அன்ரி எழும்பி நின்றுகொண்டே எழுதினார். அவ்வளவு வேகமாக அவர் எழுதி நான் பார்த்ததில்லை. ஓம் கிடக்கு. ஷெல் துண்டு. இடம்பெயரேக்கை பட்டது. பின் கழுத்திலை, வலப்பக்கம், முடிக்குள்ளை. எடுத்தா ஆபத்து எண்டு விட்டது. படம் எடுக்க விடாதையும். இப்பவே போய்ச் சொல்லும். இப்பவே.

போறன் அக்கா, என்று வந்தது. உருவம் மறைந்தது.

அங்கே உள்ளவர்கள் எப்படியும் சோதித்துக் கண்டுபிடித்திருப்பார்கள் என்று பிறகு ஒரு டொக்டர் எனக்குச் சொன்னார். இருக்கலாம். அன்றைக்கு எங்களுக்கு அது தெரியாது. அன்ரி தன் ரெலிபோனை எடுத்து, தடுத்துவைத்திருந்த அந்த எண்ணைத் தேடி, தடையை எடுத்துவிட்டு, மேசையில் மல்லாக்க வைத்தார். அது அடிக்கும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மத்தியானத்துக்குப் பிறகு அது அடித்தது. அன்ரி எடுத்தார். ரெலிபோனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்தார்.

"ஓம், நான்தான்," என்றார். "ஓம். ஓம். சொல்லும் தம்பி."

அந்தப் படம் எடுக்கப்படவில்லை. வேறு படம் எடுத்தார்களாம். தம்பி பிழைத்தார். இடது கை வரவில்லை. கதை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது, அதுவும் முன்னைய அளவுக்குத்தான் என்று அன்ரி சொல்லுவார். "முந்தியும் கதைக்காத ஆள்தானே. டொக்டருக்கு அது தெரியாது, இன்னும் சுகம் வரவேணும் எண்டு பாடுபடுறார்." மாசி மாதத்தில் ஒரு காலை அவர் மறுபடியும் விளையாட்டுக்குள் வந்தார். ஒரு கையால் நடக்க மட்டும் முடிந்தது. தோண்டவோ வெட்டவோ முடியவில்லை. அவருக்காக அன்ரி ஒரு மதிலை இடித்தார்.

அன்ரியின் பயம் அதோடு போய்விட்டது என்று நான் சொன்னால் அது பொய். திறாங்குகள் அப்படியே இருந்தன. கண்ணாடி அப்படியே இருந்தது. நான் கலியாணம் செய்து வவுனியாவுக்குப் போகும் நாளில், சாமான் ஏற்ற வந்த வானின் சாரதியிடம் அவர் கேட்ட கேள்விகளைப் பார்த்து, அந்த மனுசன் வேறு வீட்டுக்கு வந்துவிட்டேனோ என்று என்னிடம் கேட்டார்.

வவுனியாவிலிருந்தும் அந்தக் கணினியைப் பார்த்துக்கொள்ள எனக்கு ஒரு வழி விட்டிருந்தார். போன வருடம் ஒருநாள் பின்னேரம் என்னை அழைத்தார்.

"பிள்ளை, உந்தப் பயர்வோலிலை இன்னொரு எண்ணையும் போடேலுமோ?"

"ஆருக்கு அன்ரி?"

"அந்தப் பெடியன்ரை தாய்க்கு. முள்ளியவளையிலை இருக்கிறா. வேலையாலை வந்து போனிலை கதைக்க அவனுக்குப் பஞ்சியாம். விளையாட்டெண்டா தம்பியோடை சேந்து கனநேரம் நிக்கிறான். தாய்க்கு அங்கை வந்து அவனைப் பாக்க ஆசை."

எனக்குச் சந்தோசமாக இருந்தது. ஆனால் அன்ரியை எனக்குத் தெரியும். "உங்களுக்கு அவவைத் தெரியாதே," என்றேன்.

"தெரியாதுதான். ஆர் எண்டு பாக்காமல் எப்பிடி விடுறது? அதுதான் நேற்று பஸ்ஸெடுத்துப் போய்ப் பாத்திட்டு வந்தனான்."

சந்தைக்கு அப்பால் தனியாகப் போகாத மனிசி. ஏ-ஒன்பதால் போய், மாங்குளத்தில் இறங்கி, வேறு பஸ் மாறி, தெரியாத ஊரில் வீடு விசாரித்துப் போயிருக்கிறார்.

"நல்ல மனிசியோ அன்ரி?"

"நல்ல மனிசிதான். என்னைக் கண்டவுடனை கதவைத் திறந்து 'வாங்கோ' எண்டிட்டா. எங்கையிருந்து வாறியள் எண்டும் கேக்கேல்லை, ஒண்டும் கேக்கேல்லை. வீட்டுக்கு ஒரு பூட்டுக்கூட ஒழுங்கா இல்லைப் பிள்ளை." அங்கே ஒரு திறாங்கு இழுபடும் சத்தம் கேட்டது. "எனக்குப் பயமாத்தான் கிடக்கு. எண்டாலும் நீர் திறந்து விடும்."